ஏல வீடு: விலையைப் பார்க்கும் முன் காரணத்தைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். வயது 46. கையில் 40 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கோவை சரவணம்பட்டி பக்கம் 3 சென்டில் ஒரு தனி வீடு வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது. ரிசர்வ் விலை (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) 52 லட்சம். வெளியில் 75 லட்சம் போகும் என்கிறார் என் மைத்துனர். அறிவிப்பின் நகலை இணைத்திருக்கிறேன். பேப்பரைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஏல விளம்பரம். இத்தனை வீடுகள் ஏன் ஜப்திக்கு வருகின்றன? முதலீடாக இதை வாங்கலாமா? "நொந்துபோன குடும்பத்தின் வீடு நமக்கு வேண்டாம்" என்கிறார் மனைவி. நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது விலை அல்ல, மேலே உள்ள பெயர்கள். கடன்தாரர் என்ற இடத்தில் ஒரு பின்னலாடை ஜாப் ஒர்க் நிறுவனம் இருக்கிறது. வீட்டின் சொந்தக்காரர் பெயர் ஜாமீன்தாரர் வரிசையில் மூன்றாவதாக வருகிறது. சுவாதீனம், அதாவது வீடு யார் வசம் என்ற இடத்தில் "அடையாளச் சுவாதீனம்" என்று போட்டிருக்கிறார்கள். முந்தைய இரண்டு ஏலங்களில் கேட்க ஆள் இல்லாமல் இது மூன்றாவது முறை. இந்த நான்கு விவரங்களும் சேர்ந்து சொல்லும் கதை, 52 லட்சம் என்ற எண் சொல்வதைவிடப் பெரியது. ஒரு வீடு என்ன காரணத்தால் ஏலத்துக்கு வந்ததோ, அதற்கேற்ற தொல்லைதான் வாங்குகிறவர் தலையிலும் விழும்.

மாதச் சம்பளக்காரர் வாங்கிய வீட்டுக்கடன் கெட்டுப்போவதற்கு வேலை இழப்பு, பெரிய மருத்துவச் செலவு, கணவன் மனைவி பிரிவு ஆகியவை வழக்கமான காரணங்கள். வட்டி உயர்வும் ஓசைப்படாமல் வேலை செய்யும். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குப் போனது. 50 லட்சம் கடனை 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு வாங்கியவரின் மாதத் தவணை 38,765 ரூபாய். பாக்கி 49 லட்சம் இருக்கும்போது வட்டி 9.5 சதவீதம் ஆகிவிட்டால், அந்த மாத வட்டி மட்டுமே 38,792 ரூபாய். அதாவது முழுத் தவணையும் வட்டிக்கே போதாது. இனி காலத்தை நீட்டிப் பயனில்லை என்று வங்கி தவணையை உயர்த்தும். 9.5 சதவீதத்தில் அதே கடனை 20 ஆண்டுக்கு வாங்கினால் தவணை 46,607 ரூபாய் வரும். உயர்வு ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். சம்பளம் உயராத வீட்டில் மாதம் எட்டாயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்? கிரெடிட் கார்டிலிருந்தும் நகைக்கடனிலிருந்தும் கொஞ்ச நாள் வரும்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணையைக் கட்டிவிட்டால் கணக்கு சரியாகிவிடாது. அசல், வட்டி இரண்டிலும் நிலுவை முழுவதையும் கட்டினால்தான் வங்கி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாதம் ஒரு தவணை கட்டிக்கொண்டே வந்த குடும்பத்துக்கும் நோட்டீஸ் வருவது இதனால்தான்.

இந்த வகை வீடுகளில் பெரும்பாலும் பத்திரம் சுத்தமாக இருக்கும். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்திலிருந்து பார்த்து, அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த கடன் அது. உள்ளே அந்தக் குடும்பம் குடியிருக்கும் என்பதுதான் பிரச்சினை. கடைசி நேரத்தில் உறவினர் பணம் புரட்டிக் கொடுத்து ஏலம் நின்றுபோவதும் உண்டு.

இரண்டாவது வகை உங்கள் கையில் இருப்பது: தொழில் கடனுக்கு ஈடாக வைத்த வீடு. ஆர்டர் நின்றது, வாங்கியவர் பணம் தரவில்லை, கூட்டாளி விலகினார் என்று தொழிலுக்கு வந்த நோய், அதோடு சம்பந்தமில்லாத ஒருவரின் வீட்டைக் கொண்டுபோகிறது. ஜாமீன் போட்டவர் பெரும்பாலும் தந்தை, மாமனார், மைத்துனர், நண்பர் இவர்களில் ஒருவராக இருப்பார். அவர் ஒரு ரூபாய்கூடக் கடனாக அனுபவித்திருக்க மாட்டார். ஆகவே விட்டுக்கொடுக்காமல் வழக்காடுவார். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) ஒரு மனு, உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட், மகளோ தம்பியோ போடும் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று என்று மூன்று பக்கமும் முட்டுக்கட்டை விழும். வங்கி நடவடிக்கைக்கு எதிராக உரிமையியல் நீதிமன்றம் போக முடியாது என்று, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது என்பது உண்மை. ஆனால் வீட்டில் தனக்கு உரிமை உண்டு என்று மூன்றாம் நபர் போடும் வழக்குக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் இந்த இடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

மூன்றாவது வகை, கட்டுமான நிறுவனம் கடன் வாங்கி ஈடு வைத்த அடுக்குமாடி வீடுகள். அதே வீட்டுக்கு முன்பணம் கொடுத்த வேறொருவர் ஒப்பந்தப் பத்திரத்தோடு வெளியே நிற்பார். நான்காவது வகை, போலிப் பத்திரத்தின் மேலோ ஒரே சொத்தைக் காட்டி இரண்டு வங்கிகளிலோ வாங்கிய கடன். இவை இரண்டையும் முதல்முறை ஏலம் கேட்கிறவர் தொடவே வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ஏலம் வரை வங்கி நடந்து வந்த பாதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதில் ஒரு படி தவறியிருந்தாலும், பணம் கட்டிய பிறகு ஏலமே ரத்தாகலாம். முதலில் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ், பாக்கியைக் கட்டச் சொல்லும் 60 நாள் அவகாச நோட்டீஸ். அதற்குக் கடன்தாரர் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிறகு 13(4)-ன் கீழ் சுவாதீன நோட்டீஸை வீட்டில் ஒட்டி, ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அதில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்க வேண்டும். அதன்பின் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கையை வைத்து ரிசர்வ் விலை, கடன்தாரருக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ். முதல் ஏலம் படியாமல் மறு ஏலம் விட்டால் 15 நாள் அறிவிப்புப் போதும். 30 நாள் அவகாசம் சரியாகத் தரவில்லை என்பதற்காகவே விற்பனை செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கி நடவடிக்கை ஒன்றை எதிர்த்து டி.ஆர்.டி.க்குப் போகக் கடன்தாரருக்கு 45 நாள் உண்டு. கோவையிலேயே டி.ஆர்.டி. இருக்கிறது; சென்னையிலும் மதுரையிலும் உண்டு.

ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடன்தாரர் முழுப் பணத்தையும் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2016-ல் 13(8) பிரிவைத் திருத்திய பின், அறிவிப்பு வெளியாகும் நாளோடு வீட்டை மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது ஏலம் எடுப்பவருக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் நடவடிக்கையே முறையற்றது என்று வாதாடும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது.

இப்போது "அடையாளச் சுவாதீனம்". கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது, சாவி வங்கியிடம் இல்லை என்பதுதான் இதன் பொருள். ஆளை வெளியேற்றிச் சாவி வாங்க, வங்கி 14-வது பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுப் போட வேண்டும். 30 நாளில், அதிகம் போனால் 60 நாளில் உத்தரவு வர வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் மனு, உத்தரவு, வழக்கறிஞர் ஆணையர் நியமனம், காவல்துறை பாதுகாப்பு, பூட்டை உடைக்கும் தேதி என்று ஒவ்வொன்றும் தள்ளிப்போகும். பள்ளித் தேர்வு நேரம், தேர்தல் நேரம் என்றால் இன்னும் தாமதம். விற்பனைச் சான்றிதழ் கையில் இருந்தும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க ஓராண்டு ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது விவேகம்.

ஆகவே வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். 14-வது பிரிவு மனு போட்டாயிற்றா, எண் என்ன, எந்த நிலையில் இருக்கிறது? டி.ஆர்.டி.யிலோ வேறு நீதிமன்றத்திலோ வழக்கு இருக்கிறதா, தடையாணை உண்டா? கடன்தாரர் நிறுவனத்தின் மீதோ ஜாமீன்தாரர் மீதோ திவால் மனு இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கம்பெனி வாங்கிய கடனுக்குத் தனிநபர் ஜாமீன் போட்டவர் மீது திவால் சட்டத்தில் மனுத் தாக்கலானால், இடைக்காலத் தடை வரக்கூடும். ஏலம் அப்படியே உறைந்துவிடலாம். வங்கியின் பதிலோடு நிற்காதீர்கள். டி.ஆர்.டி. இணையதளத்திலும் மாவட்ட நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்திலும் நிறுவனம், உரிமையாளர், அவர் மனைவி, பிள்ளைகள் பெயர்களைத் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்துகளில் இனிஷியல் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

"உள்ளது உள்ளபடி" விற்கிறோம் என்று அறிவிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை ஏதோ வழக்கமான வாசகம் என்று தாண்டிவிடாதீர்கள். பத்திரக் குறை, அளவுக் குறை, வரி நிலுவை எதற்கும் வங்கி பொறுப்பில்லை என்பதே அதன் சாரம். எனவே காகிதங்களை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுக்குப் போட்டு எடுங்கள். அதில் இந்த வங்கியின் எம்.ஓ.டி. பதிவு (பத்திரங்களை வங்கியில் ஈடு வைத்ததற்கான ஆவணம்) எந்தத் தேதியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் யாருக்காவது பதிவு செய்த குத்தகை, விற்பனை ஒப்பந்தம், நீதிமன்ற ஜப்தி இருக்கிறதா என்பதே முக்கியம். எம்.ஓ.டி.க்குப் பின் மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அது வங்கியின் உரிமையைக் கெடுக்காது. ஆனால் இன்னொரு வழக்குக்கு ஆள் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம். அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் வேறு வங்கியின் அடமானம் உண்டா என்று சிறு கட்டணத்தில் தேடலாம். வங்கியின் அடமானம் அங்கே பதிவாகியிருந்தால்தான், அரசு வரி பாக்கிக்கு முன்னால் வங்கிக்கு முதலிடம் என்ற சர்ஃபாசி சட்டத்தின் 26-இ பிரிவின் பலனும் கிடைக்கும். தொழில் நிறுவனம் என்பதால் தொழிலாளர் வருங்கால வைப்புநிதி பாக்கியையும் விசாரியுங்கள்.

பிறகு அளவு. வங்கியின் சொத்து விவரத்தில் உள்ள சர்வே எண் (க.ச. எண்), உட்பிரிவு, செக்குபந்தி (நான்கு எல்லைகள்) ஆகியவற்றைப் பட்டாவோடும் புல வரைபடத்தோடும் வைத்துப் பாருங்கள். கிழக்கு மேற்கு மாறிக் கிடப்பதும், உட்பிரிவுக்கு முன்னிருந்த பழைய எண்ணே தொடர்வதும் அடிக்கடி நடக்கும். அந்தப் பிழை அப்படியே விற்பனைச் சான்றிதழில் ஏறிவிட்டால், பட்டா மாற்றும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து வெளிப்புறமாவது அளந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அரை சென்ட் தள்ளிச் சுவர் கட்டியிருந்தால் அது 3 சென்டில் ஆறில் ஒரு பங்கு. (அடுக்குமாடி என்றால் சுவருக்குப் பதில் பிரிபடா பாகத்தின் (நிலத்தில் உங்களுக்குரிய பங்கின்) அளவையும் கட்டட முடிவுச் சான்றையும் பாருங்கள். விவசாய நிலம் சர்ஃபாசி ஏலத்துக்கே வரக்கூடாது, வந்தால் விலகுங்கள்.)

பார்வையிடும் நாளில் உள்ளே விடாவிட்டால்கூட மின் இணைப்பு எண்ணைக் குறித்து வந்து இணையத்தில் நிலுவை பார்க்கலாம். முந்தைய உரிமையாளரின் மின்பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் விதிப்படி நிபந்தனை போடலாம் என்பதை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. சொத்துவரி, குடிநீர் வரி பாக்கியை மாநகராட்சி தளத்தில் பாருங்கள். வாடகைக்கு ஆள் இருந்தால், ஒப்பந்தம் பதிவானதா, எம்.ஓ.டி.க்கு முந்தையதா என்று கேளுங்கள். முந்தைய, பதிவு பெற்ற வாடகைதாரரை எளிதில் எழுப்ப முடியாது.

மூன்றாம் முறை ஏலத்துக்கு வந்திருப்பது மட்டுமே கெட்ட சகுனம் அல்ல. முதல் விலை அதிகமாக இருந்திருக்கலாம். ஆனால் பத்துப் பேர் பார்த்துவிட்டு ஏன் போனார்கள் என்பதை அந்தத் தெருவில் உள்ள இரண்டு வீட்டுத் தரகர்கள் ஒரு டீக்குச் சொல்லிவிடுவார்கள்.

பணக் கணக்கைப் போடுவோம். மைத்துனர் சொல்லும் 75 லட்சம், விற்கிறவர்கள் கேட்கும் விலை. படியும் விலையை அறிய அந்த வட்டாரத்தில் அண்மையில் முடிந்த கிரயங்களைத் தேடுங்கள். பேரம் போக 68 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டைச் சாதாரணமாக வாங்கினால் 7 சதவீத முத்திரைக் கட்டணம், 2 சதவீதப் பதிவுக் கட்டணம் சேர்த்து சுமார் 74 லட்சம் அடங்கும். ஏல வீட்டில் இருக்கும் தொல்லைக்கு ஈடாகக் குறைந்தது 15 சதவீதமாவது மிச்சம் வேண்டும் என்பது என் அளவுகோல். ஆக எல்லாம் சேர்த்து உங்கள் உச்சவரம்பு 63 லட்சம். அதில் பூட்டிக் கிடந்த வீட்டின் பழுதுபார்ப்புக்கு 3.5 லட்சமும், பாக்கிகள், வழக்கறிஞர், சர்வேயருக்கு 75 ஆயிரமும் தனியே எடுத்து வைத்தால் மீதி 58.75 லட்சம். இதில் பத்திரச் செலவு 9 சதவீதம் அடங்க வேண்டும் என்றால் ஏலம் கேட்கக்கூடிய தொகை சுமார் 53.9 லட்சம். வீடு கைக்கு வர ஓராண்டு ஆகும், அதுவரை முடங்கும் பணத்துக்கு 8 சதவீதம் போகும் என்றால் அது 50.2 லட்சமாக இறங்கிவிடுகிறது. ரிசர்வ் விலையே 52.

ஆகவே இப்போதுள்ள நிலையில் இந்த ஏலத்தில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. வங்கி நேரடிச் சுவாதீனம் எடுத்துச் சாவியோடு விற்றால், 54 லட்சம் வரை போகலாம். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இ-ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் ஐந்தோ பத்தோ நிமிடம் தானாக நீளும். "இன்னும் ஒரு 25 ஆயிரம்தானே" என்று ஏறிக்கொண்டே போய் 60-ல் நிற்பவர்கள் உண்டு.

54-க்கு எடுத்தால் பணம் எப்போது வேண்டும்? இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை பெரும்பாலும் ரிசர்வ் விலையில் 10 சதவீதம், அதாவது 5.2 லட்சம், இது ஏலத்துக்கு முன்பே கட்டுவது. ஏலம் முடிந்த அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் 25 சதவீதம், அதாவது 13.5 லட்சம் நிறைய வேண்டும், இ.எம்.டி. போக 8.3 லட்சம். விற்பனையை வங்கி உறுதிசெய்த 15 நாளுக்குள் மீதி 40.5 லட்சம். உங்களிடம் அப்போது இருப்பது 26.5 லட்சம்தான். துண்டு விழும் 14 லட்சத்துக்கு மேல் பத்திரச் செலவும் பழுதுபார்ப்பும் இருக்கின்றன. மொத்தத்தில் 23 லட்சம் வெளியிலிருந்து வேண்டும்.

வீட்டுக்கடன் கிடைக்கும். ஆனால் 15 நாளில் கிடைப்பது கடினம், ஏனென்றால் மூலப் பத்திரங்கள் ஏலம் விடும் வங்கியிடம் இருக்கின்றன, முழுப் பணமும் வந்த பிறகுதான் அது விற்பனைச் சான்றிதழ் தரும். ஏலம் விடும் வங்கியிலேயே கடன் கேட்பது சுலபமான வழி. ஏலத்துக்கு முன்பே உங்கள் வருமானத்தை வைத்து ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள். அதற்குள் முடியாவிட்டால் கெடுவை நீட்டிக்கலாம், மூன்று மாதம் வரை. ஆனால் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "மேனேஜர் பார்த்துக்கலாம் என்றார்" என்ற வாய்வார்த்தையை நம்பி இருந்துவிடாதீர்கள். கெடு தவறினால் கட்டிய 25 சதவீதமும் பறிபோகும். அப்படிப் பறித்தது சரிதான், வங்கிக்கு அந்த அளவு நஷ்டம் ஏற்பட்டதா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் கணக்கில் அது 13.5 லட்சம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வீட்டுக்காரரின் பான் எண்ணை வங்கியிடம் முன்கூட்டியே வாங்குங்கள். இது கூடுதல் செலவல்ல, ஏலத் தொகைக்குள் அடங்குவதே. வழிகாட்டி மதிப்பைவிட ஏல விலை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வித்தியாசத்தை உங்கள் வருமானமாகக் கணக்கிட இடமுண்டு. நம் பக்கத்தில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம் என்றாலும் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மோசடிக்காரர்களும் இந்தச் சந்தையில் உலவுகிறார்கள். அரசு வங்கிகளின் ஏலங்களைப் பேங்க்நெட் தளத்தில் பார்க்கலாம். தனியார் வங்கிகளும் வீட்டுவசதி நிறுவனங்களும் வேறு ஏலத் தளங்களைப் பயன்படுத்துகின்றன. எதுவானாலும் அறிவிப்பில் உள்ள கிளையைத் தொலைபேசியில் அல்ல, நேரில் போய் உறுதிசெய்யுங்கள். இ.எம்.டி. அறிவிப்பில் குறிப்பிட்ட கணக்குக்கோ தளத்தின் வாலட்டுக்கோ மட்டுமே. "உள்ளே ஆள் இருக்கிறது, குறைந்த விலைக்கு முடித்துத் தருகிறேன்" என்று ரொக்கம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

உங்கள் மனைவியின் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள்: கடன், வட்டி, செலவு போக ஏலத்தில் மிஞ்சும் தொகை வீட்டுக்காரருக்கே போய்ச் சேர வேண்டும் என்கிறது 13(7) பிரிவு. வீடு நல்ல விலைக்குப் போனால் அவர் கடனும் அந்த அளவுக்குத் தீரும். அதையும்விட, இரு தரப்புக்கும் நல்லதென்று நான் நினைக்கும் வழி ஒன்று இருக்கிறது. 13(2) நோட்டீஸ் வந்த நிலையிலேயே வீட்டுக்காரரிடம் நேரடியாக விலை பேசி, வங்கியின் எழுத்துச் சம்மதத்தோடு கிரயம் முடிப்பது. அந்த நோட்டீஸுக்குப் பிறகு வங்கிச் சம்மதமின்றி அவர் விற்க முடியாது. ஆகவே முத்தரப்பு ஒப்பந்தம் போட்டு, உங்கள் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும், மிச்சத்தை அவர் கையில் கொடுங்கள். ஏல விலையைவிடச் சற்றுக் கூடவே ஆகலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுச் சாவி தருகிறார், டி.ஆர்.டி. வழக்கு இல்லை, ஆணையர் இல்லை, பூட்டு உடைப்பு இல்லை. ஏலம் படியாத வீடுகளை வங்கிகள் தனிப்பேரமாகவும் விற்கலாம். விதிகள் அதற்கு இடம் தருகின்றன. இந்த ஏலமும் படியாமல் போனால், வீட்டுக்காரரையும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர முடியுமா என்று ஒரு வழக்கறிஞர் மூலம் முயன்று பாருங்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் காகித வேலையைப் பாதியில் விடாதீர்கள். ஏலம் என்றால் கிரயப் பத்திரம் இருக்காது. அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி தரும் விற்பனைச் சான்றிதழ்தான் உங்கள் மூலப் பத்திரம். அதன் நகலை அவர் சார்பதிவாளருக்கு அனுப்பி சொத்து ஆவணங்களுக்கான முதல் புத்தகத்தில் கோக்க வைத்தால் முத்திரைக் கட்டணம் கேட்க முடியாது என்று 2022-ல் தமிழகப் பதிவுத்துறை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சான்றிதழை நீங்களே பதிவுக்குக் கொண்டுபோனால் கட்டணம் உண்டு. முதல் வழியில் ஐந்து லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் நாளை உங்களிடம் வாங்குகிறவரின் வங்கி பதிவான ஆவணம் கேட்கலாம். உங்களுக்குக் கடன் தரும் வங்கி எதை ஏற்கும் என்று முதலிலேயே கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அதனால்தான் மேலே 9 சதவீதத்தைக் கழித்தே கணக்குப் போட்டேன்.

மூலப் பத்திரங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணிக்கையோடு வாங்குங்கள். அதே நாளில் எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை வங்கி பதிவு செய்து தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று கிளையில் விட்டுவிடுவார்கள். பிறகு அதிகாரி மாற்றலாகிப் போவார், ஐந்தாண்டு கழித்து நீங்கள் விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் அப்படியே நிற்கும். ரசீது பதிவானதும் புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துச் சரிபார்த்து, அதை வைத்துப் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.